நூற்று நான்கு

ஜூன் 3
நர்சிங் இரண்டாம் வருடம். இன்று முதல் பிரசவ வார்டில் பயிற்சி. வாசலிலேயே தலைமை சிஸ்டர் ஒரு டப்பாவை நீட்டி, “போனை இதுல போடுங்கம்மா. சாயங்காலம் எடுத்துக்கலாம்” என்றார். எட்டு மணி நேரம்! இல்லாத போன் பாக்கெட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஏழு முறை தடவிப் பார்த்தேன்.

ஜூன் 4
பத்து முறை. கர்ப்பிணியின் வயிற்றில் மரக்குழலை வைத்து மறுமுனையில் காதை வைத்ததும் சிஸ்டரின் முகமே மாறிவிடுகிறது. அப்படி என்னதான் கேட்கிறது அங்கே?

ஜூன் 6
மானம் போயிற்று. குழலில் குழந்தையின் இதயத்துடிப்பை நான் எண்ண வேண்டும். அம்மா போன் பண்ணியிருப்பாளோ, எடுக்கவில்லையென்று பதறுவாளோ — அதே நினைப்பு. நிமிடத்துக்கு நூற்று நான்கு என்று எழுதினேன். நூற்றுப் பத்துக்குக் கீழே போனால் ஆபத்து. டாக்டர் ஓடி வந்தார். படுத்திருந்த அக்கா அழுதுவிட்டார். மறுபடி எண்ணினால் நூற்று நாற்பது!

சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். “நூத்தி நாலு. நீ எண்ணினது உன்னோடதுடி. அப்படி என்ன பயம் உனக்கு?”

என்னவென்று சொல்வது? போன் இல்லாமல் என் நெஞ்சு அடித்துக்கொண்டதை ஒரு குழந்தையின் கணக்கில் எழுதிவிட்டேன் என்றா?

“திங்கட்கிழமை இன்னொரு தடவை பாக்கறேன். அதுலயும் தப்புன்னா இந்த வார்டுக்கு அடுத்த வருஷம் வா.”

ஜூன் 7
ஞாயிறு. போனை அலமாரியில் பூட்டிச் சாவியை என் வகுப்புத் தோழியிடம், அறையில் கூட இருப்பவளிடம், கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கெஞ்சினேன். “போடி, தர மாட்டேன்.” சண்டை. பிறகு தூங்கிவிட்டேன். பகலில் நான் தூங்கி எத்தனை நாளாயிற்று!

ஜூன் 8
அதே அக்கா. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். “பயப்படாம வை பாப்பா” என்றார்.

ஒரு கை அவர் நாடியில். கண்ணை மூடினேன். முதலில் என் நெஞ்சு. அதை விட்டேன். பிறகு அவருடையது, நிதானமாக. அதையும் விட்டேன். இரண்டுக்கும் அப்பால், எங்கோ உள்ளே — சின்னக் கால்கள் ஓடுகிற மாதிரி, விடாமல், விடாமல்.

ஐயோ, உள்ளே ஒரு ஆள்! யாரும் முகம் பார்த்ததில்லை. யாரையும் கூப்பிடத் தெரியாது. ஆனாலும் இருக்கிறது. உடம்பு சிலிர்த்துவிட்டது. எண்ணுவதையே மறக்கப் பார்த்தேன்.

நூற்று நாற்பத்திரண்டு. சிஸ்டரும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“எப்படி இருக்கு?” என்றார் அக்கா.

“ஓடுதுக்கா. நிக்காம ஓடுது.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 11
அந்த அக்காவுக்குப் பெண் குழந்தை. மத்தியானம் பிறந்தது. குழல் இல்லாமல் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். அதே ஓட்டம்!

சாயங்காலம் விடுதிக்குப் பாதி வழி வந்துவிட்டேன். தோழி என் போனோடு மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தாள். “டப்பாவுல இது மட்டும் கிடந்துச்சுடி. உனக்கு உடம்புக்கு ஏதாவதா?” என்று என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கிவிட்டாள்.

எழுபத்திரண்டு.