அடியில் இருப்பதை யாரும் வரையவில்லை

அன்பு மகன் ஹந்தோகோவுக்கு, அம்மாவின் சலாம். இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம், கடல் கடந்து வேலைக்குப் போன காவ்ஷியுங் நகரத்தில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க இறைவன் அருளட்டும். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். நோன்புப் பெருநாள் முடிந்ததும் வீட்டுத் தரையை உயர்த்த மலைமண் லாரி வரப்போகிறதாம், கூடவே புதிதாக ஆழ்துளைக் கிணறும் போடப்போகிறாராம், நீயும் சரியென்று சொல்லிவிட்டாயாம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே மூன்று முறை உயர்த்தியாயிற்று, ஜன்னல் முழங்காலுக்கு வந்துவிட்டது, வாசலில் குனியாமல் யாரும் நுழைய முடியாது. பக்கத்து வீட்டு தாருமி, "உங்க வீட்டுக்கு வந்தா எல்லாருக்கும் தானா மரியாதை வந்துடுது அக்கா" என்று சிரிக்கிறாள், அவள் வீட்டு வாசல் இதைவிடத் தாழ்வு. கடல் ஏறுகிறது என்றுதான் உன் அப்பா இன்னும் சொல்கிறார். கடல் மட்டுமில்லை, நாம் இறங்குகிறோம். நம் செமாராங் ஊரின் இந்தக் கடற்கரையில் அடியெல்லாம் களிமண், அதைத் தாங்கி நின்றது உள்ளேயிருந்த தண்ணீர், அதை வீட்டுக்கு வீடு, ஆலைக்கு ஆலை உறிஞ்சிவிட்டு மேலே லாரி லாரியாக மண்ணைக் கொட்டினால் களிமண் நசுங்காமல் என்ன செய்யும்? உயர்த்த உயர்த்தப் பாரம், பாரம் ஏற ஏற இறக்கம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரியில் புவியியல் படித்தவள் சொன்னால், "புத்தகமா இங்க குடியிருக்குது, நானில்ல குடியிருக்கேன்" என்கிறார்.

வார்டு கூட்டத்தில் நகரத் திட்டக்காரர்கள் பெரிய படம் விரித்தார்கள், புதுச்சாலை, பூங்கா, கடலோரத் தடுப்புச்சுவர், எல்லாம் அழகு. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று படத்தில் இல்லையே என்று எழுந்து கேட்டேன். "அடியில மண்ணுதாம்மா இருக்கும், வேற என்ன, புதையலா?" என்றார் அந்த அதிகாரி. கூட்டமே சிரித்தது, உன் அப்பாவும். சாலை உயரும், சாலைக்காக நாமும் உயர்த்தவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் திட்டம். நம் ஒரு வீட்டுக் கிணறு நின்றால் ஊர் இறங்குவது நின்றுவிடாது, தெரியும். அதனால்தான் போய்விடலாம் என்கிறேன். மேட்டுப்பக்கம் உன் சித்தி வீட்டருகே சின்ன வாடகை வீடு ஒன்று காலியாக இருக்கிறது. "நான் கட்டின வீட்டை விட்டுட்டு எவன் வீட்டுலயோ போய் உக்காரவா?" என்று கத்துகிறார் உன் அப்பா. உன் பேச்சைத்தான் கேட்பார். மண்ணும் வேண்டாம், கிணறும் வேண்டாம் என்று நீ சொல், கெஞ்சிக் கேட்கிறேன். நேற்று உன் தங்கை லிந்தாங் கட்டில்மேல் ஏறி நின்று கூரையைக் கையால் தொட்டுவிட்டு, "அம்மா, நான் வளந்துட்டேன்" என்று குதித்தாள். ஆமாம் கண்ணு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து அழுதேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. உன் கால் படுகிற இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும். பெருநாளுக்கு முன்னால் அப்பாவிடம் பேசிவிடு, நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா
சுலாஸ்த்ரி