அறுபத்தொரு வீடுகள்

செவ்வாய்க்கிழமை காலை,
கடையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சௌக்கியம், சலவைக்கடையும் ஏதோ ஓடுகிறது. நீ சௌக்கியமா என்று கேட்க வேண்டியதில்லை, தினமும் டி.வி.யில் பார்க்கிறோம். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. முந்தாநாள் போட்டிருந்த சட்டையின் காலரை யார் தேய்த்தார்களோ, அவர்களிடம் இனிமேல் துணி கொடுக்காதே. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். சட்டசபையில் பேசிப் பேசி, வீட்டு மனுஷரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. இதை நான் முடித்தாக வேண்டும்.

முதலில் இங்கத்துச் செய்தி. நீராவி இஸ்திரிப்பெட்டி பழுதாகி நான்கு நாளாகிறது. உன் அத்தான் பழைய பெட்டியால் தேய்த்துத் தேய்த்து வலது தோளைப் பிடித்துக்கொண்டு திரிகிறார். டாக்டரிடம் போகச் சொன்னால் பெட்டியை ரிப்பேருக்குக் கொடு, தோள் தானே சரியாகும் என்கிறார். கடைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் உன் பெயரைச் சொல்லிப் பத்து ரூபாய் கூலிக்கு எட்டுதான் கொடுப்பார்கள். இப்போது உன்னைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். கறை போகவில்லை என்றால்கூட அதற்கும் நீதான் காரணம்.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு பஸ்ஸில் இலவசப் பயணம் என்று போன தேர்தலில் நம் கட்சி வாக்குக் கொடுத்தது. அந்த நோட்டீஸை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அது சபைக்கு வந்த அன்று நம் கட்சியில் நீ ஒருவன் மட்டும் எதிர்த்துக் கை தூக்கினாய். பணிமனையில் பிரேக் கட்டை வாங்கவே வழியில்லை, முதலில் பஸ் ஒழுங்காக நிற்கட்டும், அப்புறம் இலவசமாக ஏற்றலாம் என்று டி.வி.யில் வேறு சொன்னாய். நீ தலைமையை எதிர்த்தபோதெல்லாம் இங்கே விசில் அடித்தார்கள். நம்ம பையன் யாருக்கும் பயப்பட மாட்டான் என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இந்த முறை நீ எதிர்த்தது தலைமையை அல்ல, அவர்களை. அப்போது விசில் வராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டம், உனக்குத் தெரியும். அடுத்த தேர்தலுக்கும் உன்னையே நிறுத்துவதா, வேறு ஆளா என்று உறுப்பினர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். அதற்கு முன்னால் உறுப்பினர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய்க் கேட்டு அட்டையில் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் கூட்டத்தில் முதலில் படிப்பார்கள். அதைக் கேட்ட பிறகு எந்தக் கை எழும், எந்தக் கை மடியிலேயே கிடக்கும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த அட்டைகள் இருக்கும் பெட்டி வழக்கம்போல என் தலையில்தான்.

பத்தொன்பது வருஷமாக இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறேன். எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி, தம்பி எப்படி இருக்கார் என்பதுதான். நீ எப்படிம்மா இருக்கே என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். பதினேழு வயதில் கட்சியில் சேர்ந்தவள் நான். உன்னை முதல் கூட்டத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் நான், நீ நாற்காலியிலேயே தூங்கிப்போனாய். உன் முதல் பேச்சை உட்கார்ந்து எழுதியவளும் நான்தான். வேட்பாளர் யார் என்று வந்தபோது எல்லோரும் உன்னைக் கைகாட்டினார்கள். உனக்குப் பேச்சு வருமாம். அன்றைக்கு அம்மா வாசலில் நின்று சந்தோஷத்தில் அழுதாள். நானும் அழுதேன். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்து ஆள் கடைக்கு வந்தார். சுத்தமாக இருந்த கோட்டு ஒன்றைச் சலவைக்குப் போட்டார், அப்போதே விஷயம் வேறு என்று புரிந்துவிட்டது. "தம்பி கணக்கு சரியா வரலைன்னா நீங்களே நிக்கலாமேக்கா, இத்தனை வருஷம் உழைச்சது நீங்கதானே" என்றார். யோசிக்கிறேன் என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் தலை மறைந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோட்டை எத்தனை தடவை தேய்த்தேனோ, துணி பளபளத்துவிடும், வை கீழே என்று உன் அத்தான் பெட்டியைப் பிடுங்கினார்.

மறுநாளே வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். வேண்டவே வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னவர்கள் நிறைய. உனக்காக என்னிடம் வாதாடியவர்களும் இருந்தார்கள். மூன்றாவது ரகம் ஒன்று இருந்தது. நம் ரிட்டயர்டு டிரைவர் அண்ணனையே எடுத்துக்கொள். "முப்பது வருஷம் ஓட்டினவன் நான், பிரேக் கதை எனக்குத் தெரியாதா? அவன் சொன்னது சரிதான். ஆனா டி.வி.காரன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? வரச் சொல்லும்மா, வந்து சொல்லட்டும்" என்றார். தபால் ஆபீஸுக்கு எதிர் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கிறாரே, அந்த டீச்சரம்மாவும் அதையேதான் சொன்னார். உன்னை டி.வி.யில் பார்க்கும்போது அந்த டி.வி. மேலேயே பொறாமையாக வருகிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ வந்து நிற்க வேண்டும், உன் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கிற என்னிடம் அதைச் சொல்லி அனுப்புகிறார்கள்.

அட்டையில் மூன்றே குறி. உன் பக்கம் என்றால் பச்சை, எதிர் என்றால் சிவப்பு, இரண்டும் இல்லை என்றால் நீலம். நீலம் போட்ட வீட்டுக்கு வேட்பாளரே ஒரு தடவை நேரில் போக வேண்டும் என்பது நம் கிளையின் வழக்கம். சிவப்பு போட்ட வீட்டுக்கு யாரும் மறுபடி போக மாட்டார்கள். வந்து சொல்லட்டும் என்று சொன்னவர்களுக்கு நான் நீலம் போட்டிருக்க வேண்டும். சிவப்பு போட்டேன். ஒரு வீடு என்றால் கை தவறிவிட்டது எனலாம். அறுபத்தொரு வீட்டில் கை தவறாது.

கட்சியின் நன்மைக்காக என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உனக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. பொறாமை, தம்பி. சுத்தமான வயிற்றெரிச்சல். உன் மேல் அவர்களுக்குக் கோபம் வந்தால்கூட அது எவ்வளவு பிரியமாக வருகிறது என்று பார்த்துப் பார்த்து எரிந்தேன். என் மேல் கோபித்துக்கொள்ளக்கூட அங்கே ஆளில்லை.

நேற்று டிரைவர் அண்ணன் பேன்ட் வாங்க வந்தார். நான் உள்ளே ரசீதைத் தேடிக்கொண்டிருந்தேன், அட்டைகள் இருந்த பெட்டி மேஜை மேல் திறந்து கிடந்தது. சும்மா பார்ப்பவர்போல் தன் அட்டையை எடுத்துப் பார்த்திருக்கிறார். "நான் வேணாம்னா சொன்னேன்? வரச் சொன்னேன்மா" என்றார். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியது நீதாம்மா என்று அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, பேன்ட்டைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "புது அட்டை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. இன்று காலை கடையைத் திறக்காமல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தோள் வலியோடு அவர் முகவரி எழுதினார், நான் நீலம் போட்டேன். இப்போது உண்மையான கணக்கு: பச்சை நூற்று முப்பத்திரண்டு, சிவப்பு நூற்று ஐம்பத்தெட்டு, நீலம் அறுபத்தொன்று. உண்மையான கணக்கிலும் நீ பின்னால்தான் இருக்கிறாய். அந்த நூற்று ஐம்பத்தெட்டை என் தலையில் கட்டாதே, அது உன் வாய் சம்பாதித்தது.

அந்த அறுபத்தொரு முகவரியும், யார் என்ன சொன்னார்கள் என்பதும் இதோடு இருக்கிறது. கூரியரில் அனுப்புகிறேன், நாளை கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமையே கிளம்பு. வெள்ளி, சனி இரண்டு நாளில் நடந்தே முடித்துவிடலாம். பிரசங்கம் பண்ணாதே. உட்காரச் சொன்னால் உட்கார். நீ சொன்னது சரியென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், அதையே திரும்ப நிரூபித்துக்கொண்டிருக்காதே. முதலில் சொல்லாதது தப்பு என்று சொல். உன் நாக்கில் அது எப்படி வருமோ தெரியவில்லை, வழியிலேயே சொல்லிப் பழகிக்கொள். மாடிவீட்டு டீச்சரம்மா கதவைத் திறக்க நேரமாகும், இரண்டாம் தடவை மணி அடிக்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதற்குத்தான் இத்தனையும். தலைமை அலுவலகத்து ஆளுக்குப் போன் பண்ணிவிட்டேன். உன் கணக்கு சரியாக வந்தாலும் வராவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை என் பெயரும் கூட்டத்தில் வரும். தம்பிக்கு எதிராவா என்று இழுத்தார். ஆமாம் என்றேன். கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் சிவப்புப் போட்ட கதையையும் நானே எழுந்து சொல்லப்போகிறேன். அதைக் கேட்ட பிறகு எனக்கு எத்தனை கை எழுமோ, எழட்டும். இத்தனை வருஷம் கேட்காமலே தோற்றுக்கொண்டிருந்தேன், ஒரு தடவை கேட்டுத் தோற்கிறேன். ஜெயித்தாலும் ஜெயிப்பேன், சொல்ல முடியாது. ஆனால் நீ இங்கே வராமல் அது நடந்தால், காலம் பூராவும் உன் சீட்டைத் திருடியவளாகவே எனக்கு நான் தெரிவேன். அதனால் வா. உனக்காக வா என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, எனக்காக வா.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. அவளிடம் இதைப் படிக்கக் கொடு, மறைக்க வேண்டாம். முன் அறையில் உனக்குப் படுக்கை போட்டு வைக்கிறேன், ஓட்டலுக்குப் போய்விடாதே. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அத்தானோடு பேசிக்கொண்டிரு.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாழ்த்து வரமாட்டேன் என்கிறது. கோபித்துக்கொள்ளாமல் வந்துவிடு.

உன்,
அக்கா