சிவப்பு நூல் கட்டிய முனை

ஆகஸ்ட் 11

மாலையில் என் மனைவியின் ஆட்டக்குழுப் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். மூட்டுவலி போவதற்காகச் சனிக்கிழமைதோறும் கீழ்த்தளக் கூடத்தில் ஆடுகிறவர்கள். ஏழு வருடம் அவள்தான் அவர்களுக்குத் தலைவி. நவம்பர் ஒன்பது அவள் பிறந்தநாள். இருந்திருந்தால் அறுபத்தைந்து. அன்று அவளுக்குப் பிடித்த பாட்டுகளுக்கெல்லாம் ஒரு மணி நேரம் ஆடப்போகிறார்களாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி கூடாது. அது அவள் போட்ட சட்டம். "நடுவுல நிறுத்தினா முட்டி பூட்டிக்கும்டி" என்பாள்.

"உங்க பையன்கிட்ட சொல்லிடுங்க அண்ணே. அவர்தான் பெரிய டிஜே ஆச்சே" என்றாள் அவர்களில் ஒருத்தி, தையற்காரி.

"அவன் வேண்டாம். நானே போடுறேன்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். அதை மட்டும் பள்ளிக்கூடத்திலா படித்தேன்?

ஆகஸ்ட் 13

கடைக்காரன் என்னைப் பார்த்ததுமே, "பேரனுக்கா ஐயா?" என்றான்.

"உன் எதிர்ல நிக்கிறவனுக்கு" என்றேன்.

இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டேன். இரண்டு சக்கரமும் நடுவே ஒரு தள்ளுபொத்தானும் உள்ள பழைய கண்ட்ரோலர் ஒன்றை எடுத்து வந்தான். எவனோ ஆசையாக வாங்கி ஒரே மாதத்தில் விற்றது. ஒரு பாட்டு ஓடும்போது அடுத்த பாட்டைத் தனியாகக் காதில் கேட்க அதில் வழி இல்லை. "அந்த வசதி உள்ளது மூணு மடங்கு விலை. கத்துக்க இது போதும் ஐயா" என்று ஒரு சாண் வயரைத் தந்தான். ஒரு முனையை லேப்டாப்பில் குத்த வேண்டும். மறுபக்கம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஸ்பீக்கருக்கு, ஒரு கிளை ஹெட்போனுக்கு. சபை ஒன்றைக் கேட்கும், நான் வேறொன்றைக் கேட்பேன். குடும்பம் நடத்துவதும் அப்படித்தான்.

லேப்டாப், மகள் ஒதுக்கிப் போட்டது. மென்பொருள் இலவசம். ஸ்பீக்கர்கள் என் பழைய டேப்ரெக்கார்டருடன் வந்தவை. என் மகனோ ஒரு வேன் நிறையப் பெட்டி ஏற்றிக்கொண்டு போவான்.

ஆகஸ்ட் 20

விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். பூதக்கண்ணாடி, அகராதி. இன்று மூன்றாம் பக்கம்.

செப்டம்பர் 2

பிடிபட்டுவிட்டது! ஓடுகிற பாட்டின் வேகத்துக்கு அடுத்த பாட்டைக் காதில் கொண்டுவந்து, தாளம் தாளத்தோடு சேர்ந்த நொடியில் பொத்தானைத் தள்ள வேண்டும். லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு மட்டத்துக்கு வருவதுபோல. அரை விரல் வித்தியாசம் இருந்தாலும் ஏறுகிறவர் தடுக்கி விழுவார். இத்தனை நாள் என் பாட்டுகள் தடுக்கி விழுந்தன. இன்று ஒன்று விழவில்லை.

சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பத்து மணிக்குப் போன் அடித்தது. மகன்தான். ஜனவரியிலிருந்து ஒரு ஞாயிறுகூட விடவில்லை. நானும் ஒரு ஞாயிறுகூட எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

அவளுக்குப் பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவள் கண்ணைத் திறக்கவேயில்லை. அவன் அன்றைக்கு வேறொரு ஊரில் கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலை ஆஸ்பத்திரி நடையில் கழுத்தில் ஹெட்போனோடு வந்து நின்றான். "உன் அம்மா சாகும்போது நீ எவனையோ ஆட வச்சுட்டிருந்தே" என்றேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தான். இல்லைப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

செப்டம்பர் 29

இன்று அவமானம். மகள் வந்திருந்தாள். அவளுக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தால், காதில் சரிபார்த்த பாட்டு ஸ்பீக்கரில் அலறுகிறது, ஸ்பீக்கரில் வரவேண்டியது காதுக்குள் முனகுகிறது. கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

"அப்பா, வயரை மாத்திக் குத்திட்டீங்க. உங்க காதுக்குள்ள இருக்கிறதெல்லாம் ஊருக்குக் கேக்குது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஸ்பீக்கருக்குப் போகிற முனையில் சிவப்பு நூலைக் கட்டினாள். "நல்லவேளை, பாட்டு மட்டும்தான் இருந்துச்சு காதுல."

அம்மா போனபிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். அதனால் திட்டவில்லை.

அக்டோபர் 12

என் மனைவியின் போனில் இருந்த பாட்டுகளை லேப்டாப்புக்கு மாற்றினேன். எது பாட்டு, எது வேறு என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. ஒலி என்றால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகிறது. பெயரில்லாமல் வெறும் எண்ணாக ஒன்று. முப்பத்தெட்டு வினாடி. என்ன பாட்டு இது என்று காதில் வைத்தேன்.

"சின்னவனே, நாளைக்கு நீ ஓடி வராதே. கல்யாண வீட்டுக்காரங்களை நட்டாத்துல விடலாமா? சின்ன ஆபரேஷன்டா, பல்லு புடுங்குற மாதிரி. முடிச்சிட்டு நிதானமா வா. நான்தான் வேணாம்னேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதே. பயந்த மனுஷன், கத்துவாரு. இது நமக்குள்ள இருக்கட்டும்."

பின்னால் குக்கர் சத்தம். என் இருமல்கூடக் கேட்கிறது. பக்கத்து அறையில்தான் இருந்திருக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பத்து மணி. அடித்தது. எடுக்க முடியவில்லை.

அக்டோபர் 20

அந்த நடையில் அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. பத்து மாதம் நான் அவனைப் பற்றி யார் யாரிடம் என்னென்ன சொன்னேன்! அத்தனையும் அவன் காதுக்குப் போயிருக்கும். ஒரு முறை, ஒரே ஒரு முறை, இந்தாங்க கேளுங்க என்று போட்டுக் காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தெரியாது.

அவள்மேலும் கோபம் வருகிறது. செத்தவள்மேல் என்ன கோபம்? ஆனால் வருகிறதே. பயந்த மனுஷனாம்!

'மன்னிச்சிடு' என்ற சொல்லை வாயில் வைத்துப் பார்த்தேன். அடுத்தவனுடைய பல்செட் மாதிரி இருக்கிறது. என்னால் ஆகாது. அறுபத்தொன்பது வயதில் எவனிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

நவம்பர் 8

கூடத்தில் எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. மகள் சொன்னாள்: "தம்பியை வரச் சொல்லியிருக்கேன். கத்தாதீங்க."

நான் எப்போது கத்தினேன்?

நவம்பர் 9

நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். அவன் கடைசியாக வந்து கதவோரம் நின்றான். இளைத்திருக்கிறான்.

பதினொரு பாட்டு தடுக்காமல் போட்டேன். தையற்காரி ஆடிக்கொண்டே கையைத் தூக்கி, "அண்ணே, பையனை மிஞ்சிட்டீங்க" என்று கத்தினாள். பன்னிரண்டாவதில் வயர் கழன்று சத்தம் நின்றது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். திரும்பக் குத்தியபோது கிளைகள் மாறிவிட்டன. அவள் குரல் கூடம் முழுக்க வந்தது. "சின்னவனே…"

என் மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் ஓடி வந்தான். வயரில் கை வைத்தான். பிடுங்கப்போகிறான் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை. முப்பத்தெட்டு வினாடியும் வயரைப் பிடித்தபடியே நின்றான். முடிந்ததும் கிளைகளை மாற்றிக் குத்தி, பாட்டை மெல்ல ஏற்றிவிட்டான்.

"வயர் மாறிடுச்சுப்பா."

"ம்."

கடைசிப் பாட்டுவரை பக்கத்தில் நின்றான். பெண்கள் அழுதுகொண்டே ஆடினார்கள். முடிந்ததும் தையற்காரி அவன் கையைப் பிடித்து, "அம்மா சொன்னதைக் காப்பாத்தின புள்ளைடா நீ" என்றாள். அவன் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அது எனக்கு மட்டும் சொன்னதுப்பா. அவங்க கடைசியா எனக்கு மட்டும் சொன்னது."

போய்விட்டான். சாப்பிடக்கூட இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்று பாதிதான் எழுதினேன்.

வயர் தானாகக் கழலவில்லை. சிவப்பு நூல் எந்த முனை என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருடம் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு வயர் பார்த்தவன் நான். நான்தான் பிடுங்கினேன். அவள் குரலைக் காதுப் பக்கம் ஓடவிட்டு, நான்தான் மாற்றிக் குத்தினேன். ஊர் முன்னால் அவனைக் குற்றவாளி ஆக்கினேன், ஊர் முன்னாலேயே விடுவிக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். கிழவன் தடுமாறிவிட்டான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், மன்னிப்புக் கேட்கிற வேலை மிச்சம் என்று.

அவனிடம் மீதியிருந்தது அந்த முப்பத்தெட்டு வினாடிதான். அதையும் கூடத்தில் போட்டு உடைத்தேன். அவளுடைய சட்டத்தையும் உடைத்தேன். நேற்றைய ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு இடைவெளி, அது நான் வைத்தது.

பத்து மணிக்குப் போன் எதிரில் உட்கார்ந்தேன். பத்தேகால். பத்தரை. அடிக்கவில்லை.

பத்து நாற்பதுக்கு நான் போட்டேன். அடித்து அடித்து நின்றது. அவனும் போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான் என்று எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

அவன் பத்து மாதம் போட்டான். அடுத்த ஞாயிறு மறுபடி போட வேண்டும். பத்து மணிக்கே.