அறுபத்தொரு கிலோ

கோச்கோர், 3 மே 2009

ஆய்பேரியின் அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பிய ஸ்பிரிங் இரண்டும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. ரஷ்யாவுக்கு வேலைக்கென்று போய் மூன்று வருடமாக ஆளைக் காணோம், பைக்குக்கு மட்டும் சீர் வருகிறது என்று உங்கள் அக்கா சிரிக்கிறார்.

பட்டறை ஜுமாஷ் பைக்கின் முன் ஃபோர்க்கைக் கழற்றிப் புது ஸ்பிரிங்கைப் போட்டார். அவர் உங்கள் பருமன்தானே, ஏறி உட்கார்ந்ததும் முன்பக்கம் அடிவரை அமுங்கிவிட்டது. நான் உட்கார்ந்தால் அமுங்காமல் நிற்கிறது. ஒன்றும் புரியவில்லை. மாற்றி வாங்கிவிட்டீர்களா? ஜூலையில் வந்து நீங்கள்தானே ஓட்டப்போகிறீர்கள்?

கிளம்பும்போது நீங்கள் கடித்துவிட்டுப் போன ரொட்டி, போனவர் திரும்பி வந்து தின்பதற்கென்று வழக்கப்படி ஆணியில் தொங்குகிறது. வந்து மிச்சத்தைத் தின்னுங்கள். கல்லாகிவிட்டது.

புருல்சா

நோவோசிபிர்ஸ்க், 19 மே

அன்புள்ள புருல்சா,

ஜுமாஷ் எண்ணெயைக் குறைத்து ஊற்றியிருப்பான். அளந்து ஊற்றச் சொல். கணவாய்ப் பாதைக் குழிகளில் இனி உன் மணிக்கட்டு நோகாது. மகள் ஆய்பேரிக்கு என் முத்தம்.

தோலோகோன்

கோச்கோர், 2 ஜூன்

ஆய்பேரியின் அப்பாவுக்கு,

அளந்துதான் ஊற்றினார். இரண்டு முறை கழற்றியும் பார்த்துவிட்டார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, “ஓட்டுறவங்க எடைய கேட்டுத்தான் ஸ்பிரிங் செய்வாங்க. உன் புருஷன் யாரு எடைய சொன்னான்னு கேளு” என்றார்.

கேட்கிறேன். ஜூலை பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

புருல்சா

நோவோசிபிர்ஸ்க், 20 ஜூன்

புருல்சா,

உன் எடையைத்தான் சொன்னேன். அறுபத்தொன்று.

பைக் இனி உன்னுடையது. எனக்கு இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். அந்தப் பாதையில் நீ விழுந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். மன்னித்துவிடு.

தோலோகோன்

கோச்கோர், 8 ஜூலை

தோலோகோனுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து வாயால்கூடச் சொல்லாத பெயரை எழுதிவிட்டேன். கை கூசவில்லை.

நேற்று கணவாய் வரை போய்வந்தேன். மணிக்கட்டு நோகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்காதது. கைவிட்டுப் போகிற மனிதர் என் மணிக்கட்டை எதற்கு நினைத்தீர்கள்? நிம்மதியாகத் திட்டக்கூட விடவில்லையே.

ஒன்று மட்டும் தப்பு. அறுபத்தொன்று நீங்கள் போனபோது இருந்த எடை. இப்போது ஐம்பத்து நான்கு.

ரொட்டியை ஊறவைத்துக் குதிரைக்குக் கொடுத்தேன். தின்றுவிட்டது.

புருல்சா