ஜூலியை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களாம், அம்மா

என்னைப் பெத்த அம்மா,

நீ போன பிறகு உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. உயிரோடு இருந்தபோது மட்டும் எழுதினாயா என்று கேட்பாய். ஒரே வீட்டில் இருந்தவளுக்கு எதற்குக் கடிதம்? இப்போது பேச ஆளில்லை. ஜூலியிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அது காதை ஆட்டிவிட்டு, நீ வருகிறாயா என்று வாசலைப் பார்க்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. இந்த மழைக்குப் பருத்திப்பட்டு ஏரி நிறைந்துவிட்டது. பின்போர்ஷனில் ஆட்டோ செல்வம் அண்ணன் குடும்பம் அப்படியேதான் இருக்கிறது. உன் முருங்கை மரத்தை அவர் மனைவி என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், அதே செக்கிங் மேஜையில் இருக்கிறேன். மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

வலிப்பு வருகிறது, அம்மா. அடிக்கடி இல்லை. ஆனால் வருகிறது.

இப்படிப் பச்சையாக எழுதுவது உனக்குப் பிடிக்காது. "மய்க்கம்னு சொல்லு. வலிப்புன்னு சொன்னா எவன்டி கட்டிப்பான்?" என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே வாயைக் கட்டிவைத்தாய். எவனும் கட்டிக்கொள்ளவில்லை, அது வேறு கதை. நான் ரத்தம் குறைந்த பெண் என்று தெரு முழுக்க நம்பவைத்திருந்தாய். எத்தனை பேர் எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இந்தக் கடிதத்தையும் நாலு பேர் படிக்கத்தான் போகிறார்கள். படிக்கட்டும். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும். அது நம் வீட்டுச் சட்டம். தாத்தா காலத்து மாட்டுக் கொட்டகைச் சாவி, வாசல் கதவுச் சாவியோடு ஒரே வளையத்தில், கதவோரம் ஆணியில் தொங்கும். மாடும் போய், கொட்டகையும் போய், அந்தத் துருப்பிடித்த சாவி மட்டும் எனக்காக இருந்தது. நான் விழுந்ததும் ஓடிப்போய் எடுத்து வந்து என் உள்ளங்கையில் திணிப்பாய். "இரும்பால ஒண்ணும் ஆகாதும்மா, ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, அது போதும்" என்று டாக்டர் எத்தனை முறை சொன்னார்? நீ அவருக்கும் தலையாட்டினாய், ஒருக்களித்தும் படுக்கவைத்தாய், சாவியையும் திணித்தாய். உன்னைத் திருத்த யாரால் முடியும்?

மூட்டுவலி வந்து உன்னால் ஓட முடியாமல் போனபோது ஆணியைக் கீழே இறக்கி அடித்தாய். மழைக்கு ஒதுங்க வந்து நம் வீட்டோடு தங்கிவிட்ட தெருநாய்க்கு வேலை கொடுத்தாய். "ஜூலி, சாவி எட்தா" என்றால் அது கொத்தைக் கவ்விக்கொண்டு வரும். இதையெல்லாம் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, நீயும் சரி, அதுவும் சரி.

அப்புறம்தான் அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சும்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜூலி தானாகவே சாவியைக் கவ்வி வந்து என் மடியில் போட்டது. "இன்னாடி வெளையாட்டு? ஒய்ங்கா வை அத" என்று நீ அதட்டினாய். கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்துவிட்டது, கத்தியும் கையுமாக. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை நீ அதட்டவில்லை. எழுந்து பாயை விரித்து, "படுடி, ஜூலி சொல்ட்ச்சி" என்றாய். அன்றிலிருந்து உன் காலம் முடியும்வரை நான் விழுந்து அடிபடவே இல்லை. டாக்டர் சொன்னபடி இரும்பால் ஒன்றும் ஆகவில்லைதான். ஆனால் அந்த இரும்பை வைத்துத்தான் அந்த நாய் எனக்குச் சேதி சொல்லக் கற்றுக்கொண்டது.

போன தையில் நீ போய்ச் சேர்ந்தாய். அதற்குப் பிறகு ஒருநாள் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் விழுந்தேன். நெற்றியில் தையல். கண் விழித்தபோது கையில் ஏதோ அழுத்தியது. யாரோ ஒரு பையன் தன் பைக் சாவியைத் திணித்திருந்தான். நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். "அக்கா, நல்லா கீறீங்களா? அந்த சாவிய குட்தீங்கன்னா கெளம்பிடுவேன், லேட்டாய்ட்ச்சி" என்றான். நல்ல பிள்ளை. அவனுக்கும் யாரோ ஒரு அம்மா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இனி எங்கே போனாலும் ஜூலியைக் கூட்டிக்கொண்டுதான் போவது. சாவிக்கொத்தை என் பையின் வெளிப்பக்கம் தொங்கவிட்டால், வருவதற்கு முன் அது இழுத்துக் காட்டும். நான் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். அவ்வளவுதானே? எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஆவடி நிறுத்தத்தில் பஸ் ஏறினோம். ஜூலி என் காலோடு ஒட்டி நின்றது, சத்தமே இல்லை. கண்டக்டர் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"நாய்லாம் ஏத்தக் கூடாதும்மா. எறக்கு."

"சார், இது சும்மா நாய் இல்ல. என் ஒடம்புக்காகக் கூட்டினு வரேன்."

"ஒடம்புக்கு இன்னா?"

பஸ்ஸே என்னைப் பார்த்தது. மயக்கம் என்று நாக்கின் நுனிவரை வந்தது, அம்மா. மயக்கத்துக்கு யார் நாயைக் கூட்டிவருவார்கள்? "வலிப்பு" என்றேன். நீ ஆயுள் முழுக்கப் பொத்திவைத்ததை ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு உரக்கச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாய்க்குப் பயந்தாளா, எனக்கா?

பிறகு ஆளுக்கொன்று பேசினார்கள். கண் தெரியாதவர்களுக்கு என்றால் விடுவார்கள் என்றார் ஒருவர். "அது வேற நாய்பா. வெளிநாட்டு நாய், கோட்டுலாம் போட்டுகினு வரும். இது நம்ம தெருவுல கீற நாயாட்டம் கீது" என்றார் இன்னொருவர். ஜூலி தெருநாய்தானே. கண்டக்டர் கோபக்காரர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, எதனா ரூல்ஸ் இருந்தா காட்டு, நான் ஏன் ஒன்ன எறக்கப் போறேன்? செக்கிங் வந்தா எனக்குத்தான் மெமோ" என்றார். காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இருவரும் நடந்தே திரும்பினோம். ஜூலிக்கு ஒரே குஷி. அதற்கு அது நல்ல நடை.

டாக்டரிடம் போனேன், ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று. நீ சாவியைத் திணித்தபோது சிரித்த அதே டாக்டர். இந்த முறை சிரிக்கவில்லை. "சில நாய்ங்களுக்கு முன்னாடியே தெரியுதுன்னு சொல்றாங்கம்மா. உங்க நாய்க்குத் தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தெரியும்னு எப்படி எழுதிக் கொடுப்பேன்? எழுதினாலும் அதை யார் ஏத்துப்பாங்கன்னு எனக்கே தெரியல" என்றார். ஊனமுற்றோர் அட்டை கேட்டேன். மருந்தில் ஓரளவு அடங்குகிற வலிப்புக்கு அது கிடைப்பது கஷ்டம் என்றார். அடங்கவில்லை என்றால் கிடைக்குமா என்று கேட்க வாய் வந்தது. அப்படி வேண்டிக்கொள்ள முடியுமா?

கம்பெனியில் எங்கள் ஆபீசரம்மா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "உன் கஷ்டம் புரியுது சித்ரா. ஆனா நீயே சொல்லு, ஒரு சட்டைல ஒரு முடி இருந்தா என்ன ஆகும்?" என்றார். என்னையே கேட்கிறார் பார். துணியில் ஒட்டிய நூலையும் முடியையும் பொறுக்குவதுதான் என் வேலை. ஒரு முடி இருந்தால் அந்தச் சட்டையைத் தூக்கிப் போடுகிறவளே நான்தான். எழுந்து போய் என் மேஜையில் உட்கார்ந்தேன்.

செல்வம் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "கூலிங் கிளாஸ் போட்டுக்க தங்கச்சி, கைல ஒரு குச்சி. எவன் கேப்பான்?" நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஒரு வியாதியை மறைத்தே பாதி வயசு போயிற்று. இல்லாத ஒன்றை வேறு சுமக்க வேண்டுமா?

அவர் பெண் போனில் தேடிப் பார்த்தாள். எல்லாம் வெளிநாட்டுச் சட்டமாக வருகிறது. ஒரு நாட்டில் இப்படிப்பட்ட நாயைக் கடைக்கும் பஸ்ஸுக்கும் கூட்டிப்போகலாமாம். இது உடம்புக் குறைக்காக வைத்திருக்கிற நாயா, என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கிறது, இந்த இரண்டைத் தவிர வேறு கேட்கக் கூடாதாம். என்ன வியாதி என்று கேட்கவே கூடாதாம். வீட்டிலேயே பழக்கிய நாயானாலும் சரியாம், தெருநாயானாலும் சரியாம். ஜூலி அங்கே பாஸாகிவிடும் அம்மா. அதை பிளேனில் யார் ஏற்றுவார்கள்?

இதுவரைக்கும் யாரோ தடுத்தது. இனி சொல்லப் போவதுதான் உன்னிடம் மட்டும் சொல்லக்கூடியது.

மறுபடியும் ஜூலியை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டைப் பூட்ட வேண்டுமே. கொத்தை ஆணியிலிருந்து எடுப்பேன். உடனே ஜூலி வாசலில் குறுக்கே படுத்துக்கொள்ளும். என் பாதத்தின் மேல் தலையை வைத்து அழுத்தும், முனகும். தனியாக விடுகிறேன் என்று அழுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, வரப்போகிறது என்கிறதோ என்று பயந்து சில நாள் லீவு போட்டுப் பாயில் படுத்துக் கிடந்தேன். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டேன்.

போன வாரம் காலையில் அப்படித்தான், பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் ஆணிக்குக் கை நீட்டும் முன்பே ஜூலி கொத்தைக் கவ்விவிட்டது. என் முன்னால் வந்து நின்று, கையில் வைக்கப் பார்த்தது. "வெளையாடாத, டைம் ஆவுது" என்று பிடுங்கிப் பூட்டிவிட்டுப் போனேன். ஏரிக்கரைத் திருப்பத்தைத் தாண்டவில்லை. கல்லில் மோதிக் கீழ்வரிசையில் ஒரு பல் போயிற்று. செல்வம் அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கி வந்தார். கதவைத் திறந்தால், ஜூலி உள்பக்கம் கதவைப் பிராண்டிப் பிராண்டி நகமெல்லாம் ரத்தம்.

அதன் பாதத்துக்கு மஞ்சள் பற்றுப் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ இருந்தவரை நம் வீட்டை யாரும் பூட்டியதே இல்லை. எப்போதும் நீ உள்ளே இருந்தாய். அந்தச் சாவி ஆணியைவிட்டு இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சித்ரா விழப்போகிறாள். இப்போது தினமும் காலையில் நானே அதை இறக்குகிறேன். அதைப் பொறுத்தவரை தினமும் எனக்கு வரப்போகிறது. தினமும் தடுத்துப் பார்க்கிறது, தினமும் அதைத் தாண்டிக்கொண்டு போகிறேன். கண்டக்டரும் டாக்டரும் செய்ய முடியாததை நான் என் கையாலேயே செய்துவிட்டேன். எனக்கும் ஜூலிக்கும் இருந்த ஒரே பாஷையைக் கெடுத்துவிட்டேன். நீ இல்லாமல் போனதில் இப்படி ஒன்றும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அம்மா.

மறுநாள் வாசலுக்குப் புதிய பூட்டு மாட்டினேன், பித்தளைச் சாவி. அதைப் பையின் உள்ளே வைத்துக்கொள்கிறேன். உன் கொத்து ஆணியிலேயே இருக்கிறது.

புதிய பூட்டோடு முதல் தடவை கிளம்பியபோது ஜூலி வாசலில் குறுக்கே படுத்திருந்தது. ஆணியைப் பார்த்தது, கொத்து அங்கேயே இருந்தது. என் கையைப் பார்த்தது, வெறுங்கை. எழுந்து ஒதுங்கி எனக்கு வழிவிட்டது. பஸ்ஸில் இறக்கிவிட்டபோது நான் அழவில்லை. இதற்குத்தான் அழுதேன். இன்றைக்கு உனக்கு ஒன்றும் ஆகாது, போய் வா என்று நம்பி அனுப்புகிறது. வாசலில் இருக்கும்வரைதான் அதற்குத் தெரியும். ஆவடியில், அம்பத்தூரில் எனக்கு என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

வெளியே எந்தச் சட்டமும் என் சொல்படி நடக்காது. கேட்டுக்கொண்டே இருப்பேன், யார் காதில் விழுமோ. இந்த வீட்டுக்குள் ஒரு சத்தியம் மட்டும் செய்கிறேன். உன் கொத்தை இனி என் கையால் ஆணியிலிருந்து எடுக்க மாட்டேன். ஜூலி கவ்விக்கொண்டு வந்து கொடுத்தால், பஸ் போனாலும் போகட்டும், வேலை போனாலும் போகட்டும், மறுபேச்சுப் பேசாமல் பாயை விரித்துப் படுத்துவிடுவேன்.

நீ சொன்னால் படுப்பேனே, அப்படி.

பல் போன உன் ஒரே மகள்,
சித்ரா
(பக்கத்தில் உன் இன்னொரு மகளும் படுத்திருக்கிறாள். கால் ஆறிவருகிறது.)