ஒரு சொம்பு கூழ்

ஆடி மூன்றாம் ஞாயிறு

பாரிவாக்கம் முனுசாமி ஐயாவுக்கு இதய நோய் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். இன்று அவர் மனைவி கோயில் கூழைச் சொம்பில் கொண்டுவந்தார். உப்பு ஆகாது என்று வாங்கி ஓரமாக வைத்தேன்.

"அம்மன் கூழும்மா, ஒரு வாய்தான கேக்குறாரு" என்றார். ஐயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயந்திரம் டாக்டரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "இனி அவர் ஆசைப்பட்டதைக் கொடுக்கலாம்னு போன வாரமே எழுதிட்டேனே" என்றார். ஃபைலைத் திறந்தேன். அந்தக் குறிப்புக்குக் கீழே, படித்ததற்கு அடையாளமாக என் கையெழுத்தே இருந்தது.

உடனே அந்தம்மாவுக்குப் போன் போட்டு, கூழைக் கொடுங்கள் என்றேன்.

"நீ வாணான்னதும் பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துட்டேம்மா. பரவால்ல. அடுத்த ஆடிக்குக் குடிக்கலாம்னு அவராண்ட சொல்லிகீறேன்."

சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.