முதுகுப் பக்கம் பட்டன்

மச்சான், உன் கையில்லாத ஜீன்ஸ் கோட்டை உன் பெண்டாட்டி என்னிடம் கொடுத்துவிட்டாள். எத்தனை தரம் அலசியும் கருவாட்டு வாடை போகவில்லை. இன்று காலை ஆணியிலிருந்து எடுத்து உதறினேன். வாடை மூக்கில் ஏறியதும் அழுவேன் என்று நினைத்தாயா? கோபம்தான் வந்தது. செத்தவனை அறைய முடியாது, அதனால் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். உனக்கு அதையும் படிக்கத் தெரியாது, சரியாய்ப் போயிற்று.

உன் பைக்கில் கருவாடு, என் பைக்கில் பிளாஸ்டிக் குடம். கள்ளக்குறிச்சியில் மூட்டை கட்டி வெள்ளிமலைக்கு விற்க ஒன்றாக ஏறுவோம். மார்கழிக் குளிருக்குக் கடையில் ஜீன்ஸ் கோட்டு விலை கேட்டோம். கடைக்காரர் சொன்னதும் நீ மெல்ல அதைக் கொக்கியிலேயே திரும்ப மாட்டினாய். "இத்தப் போட்டுகினு போனா லோனு வசூலுக்கு வந்தவன்னு ஊரே ஓடிடும். எவன்டா கருவாடு வாங்குவான்?"

பழைய ஜீன்ஸ் பேண்டுகளை வெட்டிக் கையில்லாத கோட்டாகத் தைக்கச் சொல்லித் தியாகதுருகம் டெய்லரிடம் கொடுத்தோம். உனக்கு மட்டும் நெஞ்சுப் பக்கம் இரண்டு மடிப்பு வேண்டுமென்றாய். பேண்டில் உட்காருகிற பக்கம்தான் கெட்டித் துணி என்று அவர் அதையே வெட்டி வைத்தார். அதைச் சொல்லிச் சொல்லி உன்னை எத்தனை நாள் ஓட்டினேன்.

காற்று நுழையாமல் இருக்க முன்பக்கத்தைப் பின்னால் திருப்பிப் போட்டுக்கொள்வோம். முதுகில் பட்டன் போட இன்னொருவர் கை வேண்டும். கச்சிராயபாளையம் டீக்கடையில் உனக்கு நான், எனக்கு நீ. "புருசன் பொண்டாட்டி கெளம்பிட்டாங்க" என்பார் டீக்கடைக்காரர்.

பங்குனி வந்தும் நீ கோட்டைக் கழற்றவில்லை. "இன்னொரு துணி வெச்சித் தைக்கணும்டா. குளிரு நெஞ்சுல குத்துது" என்றாய்.

"பங்குனில இன்னாடா குளிரு? புதுப் பொண்டாட்டி கேக்குதா?"

நீயும் சிரித்தாய். மூன்றாவது துணியும் ஏறியது.

ஆடியில் ஒரு நாள், கரியாலூருக்கு முந்தின வளைவில் வண்டியை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டுவிட்டு, மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். பின்னால் வந்த நான் தூங்குகிறாய் என்று தலையில் தட்டினேன். நீ அப்படியே சரிந்தாய். அப்புறம்தான் முதுகுப் பட்டனையெல்லாம் அவசர அவசரமாக அவிழ்த்தேன்.

காரியம் முடிந்த அன்று உன் பெண்டாட்டி சொன்னாள்: "அண்ணே, நெஞ்சுல அடைப்பு, வண்டி ஓட்டாதன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொன்னா மலைக்கு இட்டுகினு போமாட்டீங்கன்னு வாயத் தொறக்கல."

அடப் பாவி. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நெஞ்சை டெய்லரிடம் காட்டினாயே. ஊரில் உள்ள கதையெல்லாம் பேசின வாய்க்கு இந்த ஒன்று வரவில்லையா? ஆமாம், வண்டிச் சாவியைப் பிடுங்கியிருப்பேன். என் பின்னால் உட்காரவைத்து ஏற்றிப்போயிருப்பேன். என் குடமெல்லாம் நாறினால் நாறட்டும் என்று உன் கருவாட்டையும் நானே சுமந்திருப்பேன். என்னை அவ்வளவுதானா தெரிந்துவைத்திருந்தாய்?

இன்று உன் கோட்டைத்தான் போட்டுக்கொண்டேன். டீக்கடையில் பழக்கத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டேன். டீக்கடைக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். எட்டின பட்டன்களை நானே போட்டேன். மேல் பட்டன் எட்டவில்லை. அது திறந்தபடியே மலை ஏறினேன். நெஞ்சு கதகதவென்றுதான் இருந்தது, பிடரியில்தான் குளிர் இறங்கியது. வெள்ளிமலை வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். நாளைக்கும் திட்டுவேன்.